கட்டிக்குப் பெயர் தேடும் படம்: சிறுவர் சிறுநீரகக் கட்டிகளை ஸ்கேன் எவ்வாறு இனம்பிரிக்கிறது

மூன்று வயதுப் பிள்ளையின் சிறுநீரகத்தில் வளரும் கட்டியை அனேகமாக முதலில் கண்டுபிடிப்பவர் வைத்தியர் அல்லர். பிள்ளையைக் குளிப்பாட்டும் தாயோ அம்மம்மாவோதான். மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமம் ஒன்றின் கிணற்றடியில் சவர்க்காரம் பூசும்போது, விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் உருண்டு திரண்டு கையில் தட்டுப்படும். பிள்ளையோ ஓடி விளையாடுகிறது, சோறு தின்கிறது, காய்ச்சல் இல்லை, நோகிறது என்று அழுவதும் இல்லை. வயிற்றில் பூச்சி என்று ஒருவரும், மலம் கட்டியிருக்கிறது என்று ஒருவரும், ஈரல் வீக்கம் என்று இன்னொருவரும் சொல்ல, ஒரு கிழமை இரண்டு கிழமை கழிந்துவிடுகிறது. பூச்சி மருந்துக்கு வற்றாத அந்த வயிற்றோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு களுவாஞ்சிகுடிக்கோ வாழைச்சேனைக்கோ கல்முனைக்கோ ஆதார வைத்தியசாலைக்கு வந்து சேரும்போதுதான், வைத்தியர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கிறார்.

அந்த ஸ்கேன் பதில் சொல்லவேண்டிய கேள்வி, கட்டி இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமன்று. அது எந்தக் கட்டி என்பதும்தான். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கேள்வியை ஸ்கேனிடம் எவரும் இறுதியாகக் கேட்பதில்லை. ஊசியால் ஒரு துண்டை எடுத்து, நோயியல் ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, பெயர் தெரிந்த பிறகே சிகிச்சை தொடங்கும். சிறுவர் சிறுநீரகக் கட்டிகளில் நிலைமை வேறு. உலகின் பெரும்பகுதியில், துண்டு எதையும் வெட்டாமல், பிள்ளையின் வயதையும் படத்தையும் மட்டும் நம்பியே முதல் ஊசி மருந்து ஏற்றப்படுகிறது. படம் பார்ப்பவரின் தோளில் இவ்வளவு பாரம் ஏறும் இடங்கள் புற்றுநோய் மருத்துவத்தில் மிகக் குறைவு.

இதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சிறுவர்களின் சிறுநீரகத்தில் தோன்றும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது வில்ம்ஸ் கட்டிகள். ஜெர்மன் அறுவைச் சிகிச்சை மருத்துவர் மக்ஸ் வில்ம்ஸ் 1899 இல் எழுதிய நூலினால் அந்தப் பெயர் நிலைத்தது. கருவில் சிறுநீரகமாக உருவாகவேண்டிய இளங் கலங்களில் ஒரு பகுதி முதிர மறந்து, பிறந்த பின்னும் பெருகிக்கொண்டே இருப்பதால் வருகின்ற கட்டி இது. பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில் வெளிப்படும். முதிராத கலங்கள், குழாய் வடிவம் எடுக்கத் தொடங்கிய கலங்கள், தசைபோன்ற இணைப்பிழையம் என மூன்று வகை இழையங்கள் ஒரே கட்டிக்குள் வெவ்வேறு அளவில் கலந்து கிடக்கும். ஸ்கேனில் இந்தக் கட்டி ஓரிடத்தில் திண்மமாகவும், ஓரிடத்தில் நீர்க்குமிழாகவும், ஓரிடத்தில் இரத்தம் கசிந்து உறைந்ததாகவும் தெரிவதற்கு இந்தக் கலவையும், வேகமாக வளர்வதால் உள்ளே நேரும் அழிவும் சேர்ந்தே காரணமாகின்றன.

கட்டியைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. அது கிழிந்தால் கலங்கள் வயிற்றுக்குள் சிந்தும். சிந்தினால் நோயின் நிலை உயரும், கதிர்ச் சிகிச்சையும் கடுமையான மருந்துகளும் தேவைப்படும். ஊசியால் துண்டு எடுப்பதில் எல்லோரும் தயங்குவது இதனால்தான். வட அமெரிக்கச் சிறுவர் புற்றுநோயியல் குழுவின் முறையில், கட்டியை அகற்றுவதற்கு முன் துண்டு எடுத்திருந்தால், வேறு எதையும் பார்க்காமலே அது மூன்றாம் நிலை நோயாகக் கணக்கிடப்படும். மேலும், மூன்று இழையங்கள் கலந்த கட்டியில் ஊசி எந்த மூலையைத் தொட்டதோ அந்த மூலையின் கதையை மட்டுமே அது கொண்டுவரும்.

ஆகவே உலகில் இரண்டு வழிகள் நிலைத்துவிட்டன. 1969 இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வுகளின் வழியில், இயன்றவரை முதலில் அறுவை, பிறகு மருந்து. 1971 இல் தொடங்கிய சர்வதேச சிறுவர் புற்றுநோயியல் சங்கத்தின் ஆய்வுகளின் வழியில், முதலில் மருந்து, பிறகு அறுவை: வேறிடங்களுக்குப் பரவாத கட்டிக்கு வின்கிறிஸ்டின், அக்டினோமைசின் ஆகிய இரண்டையும் நான்கு கிழமைகள் கொடுத்து, கட்டியைச் சுருக்கி, உறையைத் தடிக்கவைத்து, அதன் பின்னரே கத்தி எடுப்பார்கள். நுரையீரலுக்குப் பரவியிருந்தால் டொக்ஸோரூபிசினும் சேர்ந்து ஆறு கிழமைகளாகும். வசதிபடைத்த நாடுகளில் இரு வழியிலும் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஆனால் இரண்டாவது வழியைத் தெரிவு செய்யும் வைத்தியர், நுண்ணோக்கி சொல்லவேண்டியதைப் படத்திடம் கேட்கிறார் என்பதை மறந்துவிடக்கூடாது. அந்தப் படம் தவறினால், வில்ம்ஸ் அல்லாத கட்டிக்கு வில்ம்ஸ் மருந்து ஏறும்; சில வேளை, புற்றுநோயே அல்லாத கட்டிக்குப் புற்றுநோய் மருந்து ஏறும்.

படத்துக்கு முன்பே பாதிப் பதிலைச் சொல்லும் தகவல் ஒன்றுண்டு: பிள்ளையின் வயது. பிறந்து மூன்று மாதத்துக்குள் சிறுநீரகத்தில் திண்மக் கட்டி என்றால், முதலில் நினைக்கவேண்டியது வில்ம்ஸ் அன்று. பிறவி மெசோபிளாஸ்டிக் நெஃப்ரோமா என்ற, பெரும்பாலும் அறுவையோடு முடிந்துவிடும் கட்டி. கர்ப்பிணித் தாய்க்கு எடுக்கும் ஸ்கேனிலேயே இது சில வேளை தெரிந்துவிடும். கருவைச் சூழ்ந்திருக்கும் பன்னீர்க்குட நீர் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பது அதன் கூடவே வரும் அடையாளம். ஆறு மாதத்திலிருந்து ஆறேழு வயது வரை வில்ம்ஸின் காலம். அதற்குள்ளேயே, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் றப்டொயிட் என்னும் மிகக் கொடிய கட்டி ஒன்று ஒளிந்திருக்கக்கூடும். பத்து வயதைத் தாண்டியதும், பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகக் கலப் புற்றுநோயின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களில் அது வில்ம்ஸை விஞ்சிவிடுகிறது. சர்வதேசச் சங்கத்தின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டல் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் துண்டு எடுத்துப் பார்ப்பதைப் பரிசீலிக்கச் சொல்வதும், பிறந்து சில மாதங்களேயான சிசுக்களில் மருந்தைத் தவிர்த்து நேரடியாக அறுவைக்குப் போகச் சொல்வதும் இந்த வயதுக் கணக்கை வைத்துத்தான்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஸ்கேன் விண்ணப்பத் தாள் நினைவுக்கு வருகிறது. எந்த வைத்தியசாலை என்பது இங்கே முக்கியமில்லை. அதில் 'வயது 3, வயிற்றுக் கட்டி' என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்று வருடமா, மூன்று மாதமா? வார்ட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கவேண்டியதாயிற்று. அந்த ஒற்றை இலக்கத்துக்குப் பின்னால் மாதமா வருடமா என்று எழுதாமல் விட்டதில், இரண்டு வேறு நோய்களும் இரண்டு வேறு சிகிச்சைகளும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. வயதை மாதக் கணக்கில் எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். பிள்ளையின் இரத்த அழுத்தத்தையும், சிறுநீரில் இரத்தம் போகிறதா என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நன்று. வில்ம்ஸ் கட்டியுள்ள பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும். சிறுபிள்ளைதானே என்று அதை அளக்காமல் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது கைவிடப்படவேண்டிய வழக்கம்.

இனி ஸ்கேன் அறைக்குள் வருவோம். ஜெல் போத்தலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கியிருப்பார்கள். குளிர்ந்த ஜெல் வயிற்றில் பட்டதும் பிள்ளை வீரிட்டு அழுதால், அழுகைக்கு விழுங்கிய காற்று குடலில் நிறைந்து பாதிப் படத்தை மறைத்துவிடும். ஆகவே பிள்ளை தாயின் மடியிலேயே சாய்ந்திருக்கும், கையில் தாயின் போன். நான் அருகில் நின்ற ஒரு காலையில், திரையைப் பார்க்கத் துணிவில்லாமல் வைத்தியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய், "டொக்டர், புள்ளைக்கு ஒண்டுமில்லதானே?" என்று கேட்டார். வைத்தியர் கருவியை எடுக்காமலே, "கட்டி ஒண்டு இருக்கு அம்மா. அது எங்கயிருந்து வந்திருக்கு எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கன்" என்றார். அந்த ஒரு மறுமொழியில் அல்ட்ராசவுண்டின் முதற் கடமை முழுவதும் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கட்டி எங்கிருந்து வந்தது? சிறுநீரகத்தின் உள்ளிருந்தா, வெளியிலிருந்தா? சிறுநீரகத்தின் உள்ளே பிறந்து வளரும் கட்டி, மீதமிருக்கும் நல்ல இழையத்தை விளிம்புக்குத் தள்ளி விரிக்கும். விரிந்த அந்த இழையம் கட்டியின் அடியை இரு பக்கமும் கவ்விப் பிடித்தபடி இருக்கும். மட்டக்களப்பு வாவியில் நண்டு பிடித்துப் பழகியவருக்கு அந்தப் படத்தைக் காட்டினால், இது நண்டின் கொடுக்கு என்று சொல்லிவிடுவார். கதிரியல் நிபுணர்களும் அதை அப்படியேதான் அழைக்கிறார்கள். கொடுக்கு தெரிந்தால் கட்டி சிறுநீரகத்துக்குச் சொந்தமானது. சிறுநீரகம் முழு வடிவத்தோடு ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தால், கட்டி அயலிலிருந்து வந்து தள்ளியிருக்கிறது. மூச்சை இழுத்து விடும்போது கட்டியும் சிறுநீரகமும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா என்பதையும் பார்ப்பார்கள். அசையும் படத்தை அந்தக் கணத்திலேயே காட்டுவதால், இதில் அல்ட்ராசவுண்டுக்கு உள்ள வசதி சி.ரி. படத்துக்குக்கூட இல்லை.

வெளியிலிருந்து தள்ளும் கட்டிகளில் முதன்மையானது நியூரோபிளாஸ்டோமா. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பியிலிருந்தோ, முள்ளந்தண்டின் ஓரத்து நரம்புக் கணுக்களிலிருந்தோ அது எழும். வில்ம்ஸோடு அது குழம்புவதுதான் அடிக்கடி நேருவது. குழம்பக்கூடாத இடமும் அதுதான், ஏனெனில் சிகிச்சை முற்றிலும் வேறு. வில்ம்ஸ் வளரும்போது அயலில் இருக்கும் இரத்தக் குழாய்களைத் தள்ளி ஒதுக்கும். நியூரோபிளாஸ்டோமா தள்ளாது, பெருநாடியையும் அதன் கிளைகளையும் சுற்றி வளைத்து உள்ளே வைத்துக்கொள்ளும், சில வேளை பெருநாடியை முள்ளந்தண்டிலிருந்தே தூக்கி முன்னால் கொண்டுவந்துவிடும். சி.ரி. படத்தில் நியூரோபிளாஸ்டோமாவில் பத்துக்கு எட்டு ஒன்பதில் கல்சியம் பொடிப்பொடியாகப் படிந்து தெரியும். வில்ம்ஸில் பத்துக்கு ஒன்று அளவில்தான். பிள்ளையின் நிலையும் வேறு: நியூரோபிளாஸ்டோமா உள்ள பிள்ளை பெரும்பாலும் இளையது, வாடியது, என்பு நோவில் நடக்க மறுப்பது, சில வேளை கண்ணைச் சுற்றிக் கருமை படர்ந்தது. ஆயினும் நியூரோபிளாஸ்டோமா சிறுநீரகத்துக்குள்ளேயே ஊடுருவிவிட்டால் கொடுக்கு அடையாளமும் ஏமாற்றும். மிகப் பெரிய வில்ம்ஸில் கவ்விப் பிடிக்க நல்ல இழையமே மிஞ்சியிராமலும் போகலாம். அப்போது நரம்புக் கட்டி சுரக்கும் பொருட்களுக்காகச் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தால், படம் விட்ட இடைவெளி பெரும்பாலும் நிரம்பிவிடும்.

கட்டியே அல்லாத வீக்கங்களும் இருக்கின்றன. சிசுவின் வயிற்றில் தட்டுப்படும் திரட்சிக்குப் பொதுவான காரணம் சிறுநீர் தேங்கி வீங்கிய சிறுநீரகம். அது வெறும் நீர் என்பதை அல்ட்ராசவுண்ட் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். நாட்பட்ட கிருமித் தொற்றில் சீழும் கல்லும் சேர்ந்து பருத்த சிறுநீரகம் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. கட்டியைப் போலவே நடிக்கும். காய்ச்சலோடும் சிறுநீர்த் தொற்றோடும் வந்த பிள்ளைக்கு உடனே புற்றுநோய் மருந்து தொடங்கக்கூடாது என்று வழிகாட்டல்கள் எச்சரிப்பது இதனால்தான்.

அல்ட்ராசவுண்டின் இரண்டாவது பெரும் பணி நாளங்களைப் பார்ப்பது. வில்ம்ஸ் கட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: சிறுநீரக நாளத்துக்குள் நாக்கு நீட்டி, அங்கிருந்து, உடலின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருநாளத்துக்குள் ஏறும். நூறு பிள்ளைகளில் நான்கிலிருந்து பத்துப் பேருக்கு இது கீழ்ப்பெருநாளம் வரை போயிருக்கும். ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இதயத்தின் வலது மேலறையையே தொட்டிருக்கும். இதை அறியாமல் அறுவைக்குப் போனால், சிறுநீரகத்தைக் கையாளும்போது அந்த நாக்கு பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். இரத்தம் ஓடும் திசையை நிறத்தால் காட்டும் டொப்ளர் முறையில், நாளம் திறந்திருக்கிறதா, உள்ளே ஏதும் தொங்குகிறதா, தொங்கினால் அதன் நுனி ஈரலின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பவற்றைப் பொறுமையாகத் தேடவேண்டும். அந்தக் காலையில் வைத்தியர் அதிக நேரம் செலவிட்டது கட்டியில் அன்று, இந்த நாளத்தில்தான். அழும் பிள்ளையின் நாளம் ஒவ்வொரு அழுகைக்கும் சுருங்கி விரிந்தது. அவர் அழுகை ஓயும்வரை கருவியை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்து மற்றச் சிறுநீரகம். வில்ம்ஸ் கட்டிகளில் நூறுக்கு ஐந்திலிருந்து ஏழு வரை இரு பக்கமும் வரும். இடப்பக்கத்தில் பெரிய கட்டியைக் கண்ட கண், வலப்பக்கத்துச் சிறியதைத் தவறவிடுவது மனித இயல்பு. தவறவிட்டு இடச் சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிட்டால், பிள்ளைக்கு மிஞ்சுவது இன்னொரு கட்டியுள்ள சிறுநீரகம் மட்டும்தான். இதோடு இணைந்த இன்னொன்றும் உண்டு: முதிராமல் தங்கிவிட்ட சிறுநீரக இழையத்தின் சிறு தீவுகள். ஒரு பக்க வில்ம்ஸ் உள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், இரு பக்கமும் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரிலும் அவை காணப்படும். தட்டையாக, வில்லை வடிவில், சிறுநீரகத்தின் ஓரத்தில், ஒரே சீராக இருக்கும். உருண்டு திரண்டு, உள்ளே பலவாறாகக் கலங்கித் தெரிந்தால் அது கட்டியாக மாறியிருக்கிறது என்று ஐயுறவேண்டும். இந்தத் தீவுகளைப் பார்ப்பதற்கு அல்ட்ராசவுண்டைவிட எம்.ஆர்.ஐ. மிகக் கூர்மையானது.

சி.ரி.யா, எம்.ஆர்.ஐ.யா என்ற கேள்வி இங்கே வந்து நிற்கிறது. வயிற்றுக்கு எம்.ஆர்.ஐ. சிறந்தது என்பதில் இப்போது அதிக வாதமில்லை. கதிர்வீச்சு இல்லை, இழைய வேறுபாடு தெளிவு. நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்பதைக் காட்டும் பரவல் படமும் அதில் கிடைக்கும். ஆனால் அரை மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் படுக்கவேண்டும். நான்கு வயதுப் பிள்ளையை மயக்கமருந்து இல்லாமல் அப்படிப் படுக்கவைப்பது அரிது. மயக்கமருந்து என்றால் அந்த மருத்துவ நிபுணர் வேண்டும், பிள்ளை ஆறு மணி நேரம் திண்ம உணவில்லாமல் இருக்கவேண்டும், அந்த வசதிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். சி.ரி. சில விநாடிகளில் முடிந்துவிடும். எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்க நேர்ந்தால், கட்டி வேகமாக வளரும் ஒரு பிள்ளைக்கு நன்றாக எடுத்த ஒரு சி.ரி. போதும் என்பதே என் துணிபு. ஆனால் அது பிள்ளைக்கேற்ற குறைந்த கதிரளவில், இரத்தக் குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கொன்ட்ராஸ்ட் மருந்து நாளங்களை நிரப்பும் கட்டத்தில், ஒரே ஒரு தடவை எடுத்ததாக இருக்கவேண்டும். பெரியவர்களுக்கு எடுப்பதுபோல் மருந்தில்லாமல் ஒரு முறை, மருந்தோடு இரண்டு முறை, தாமதித்து ஒரு முறை என்று எடுப்பது பிள்ளைக்குத் தேவையற்ற கதிரைப் பல மடங்காக்குமேயன்றி, கட்டியின் பெயரை அறிய உதவாது.

நெஞ்சுக்கு மட்டும் சி.ரி.யைத் தவிர்க்க முடியாது. வில்ம்ஸ் முதலில் பரவுவது நுரையீரலுக்கு. மூன்று மில்லிமீற்றர் அளவுள்ள முடிச்சும் சர்வதேச வழிகாட்டலில் நோய் பரவியதாகக் கணக்கில் எடுக்கப்படுகிறது. மயக்கமருந்து கொடுத்த பிள்ளையின் நுரையீரல் அடிப்பகுதி சுருங்கி, சிறு முடிச்சுகளை மறைத்துவிடும். ஆகவே நெஞ்சுப் படத்தை இயன்றால் பிள்ளை விழித்திருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. காசநோயின் பழைய தழும்பும் நம் பகுதிப் பிள்ளைகளில் அதே அளவு முடிச்சாகத் தெரியலாம் என்பதை, அறிக்கை எழுதுபவர் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பத்துக்கு ஒன்பது வில்ம்ஸ் என்றால் மிச்சமுள்ள ஒன்றைப் படம் எவ்வளவு பிடிக்கும்? சிலவற்றைப் பிடிக்கும், சிலவற்றைப் பிடிக்காது. கொழுப்பு தெளிவாகத் தெரிந்தால், அதுவும் தோலில் வெளிறிய திட்டுகளும் வலிப்பும் உள்ள பிள்ளையில், அஞ்சியோமயோலிப்போமா என்ற தீங்கற்ற கட்டியை நினைக்கலாம். திண்மப் பகுதியே இல்லாமல் மெல்லிய தடுப்புச் சுவர்களுடன் நீரறைகளாக மட்டும் இருந்தால், அது நீரறை நெஃப்ரோமா. ஆனால் வில்ம்ஸின் நீரறை வடிவமொன்றும் படத்தில் அச்சொட்டாக அதைப்போலவே இருக்கும், இரண்டையும் வெட்டியெடுத்த பிறகுதான் பிரிக்க முடியும். றப்டொயிட் கட்டியில் சிறுநீரக உறைக்குக் கீழே பிறைவடிவில் நீர் தேங்கி நிற்பது புகழ்பெற்ற அடையாளம். வில்ம்ஸிலும் சில வேளை அது தெரிவதால், அடையாளத்தை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, உறைக்கடியில் பிறை, இரத்தத்தில் கல்சியம் உயர்வு என்ற மூன்றும் சேர்ந்தால், மூளைக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும், றப்டொயிட் உள்ள பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கேனும் மூளையிலும் கட்டி இருக்கும். தெளிவான கலங்களைக் கொண்ட சார்கோமாதான் மிகவும் ஏமாற்றுவது. வில்ம்ஸின் வயதிலேயே, வில்ம்ஸின் தோற்றத்திலேயே வரும். அது என்புக்கும் மூளைக்கும் பரவும் இயல்புடையது என்பதைத் தவிர, வயிற்றுப் படத்தில் அதைப் பிரித்தறிய நம்பகமான வழி இன்றுவரை இல்லை.

பரவல் எம்.ஆர்.ஐ. இந்தச் சுவரை உடைக்கும் என்று ஒரு காலம் எதிர்பார்த்தார்கள். கலங்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் இடத்தில் நீர் அசையாது என்பதால், அந்த அசைவை அளந்து வரும் எண்ணைக் கொண்டே கட்டியின் வகையைச் சொல்லிவிடலாம் என்பது எண்ணம். வெவ்வேறு கட்டிகளின் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடுவதால், தனிப் பிள்ளைக்கு அது தீர்ப்பாகவில்லை. கணினிக்குப் படங்களைப் பயிற்றுவித்துப் பிரிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அரிய கட்டிகளின் படங்கள் எந்த ஒரு நாட்டிலும் போதியளவு சேராதது அவற்றுக்குப் பெருந்தடை. இறுதிப் பெயரைச் சூட்டுபவர் இன்றும் நோயியல் நிபுணர்தான். அதுவரைக்கும் படம் சொல்வது ஒரு நிகழ்தகவை.

அந்த நிகழ்தகவு சரியா என்பதை மருந்தும் ஓரளவு சோதித்துக் காட்டும். நான்கு கிழமைக்குப் பிறகு மீண்டும் ஸ்கேன் எடுத்து, நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் பெருக்கி, 0.523 ஆல் பெருக்கிக் கனவளவு காண்பார்கள். 12 x 10 x 9 சென்ரிமீற்றர் கட்டி ஏறத்தாழ 565 மில்லிலீற்றர்; அது 7 x 6 x 5 ஆனால் 110. நீளத்தில் பாதியளவும் குறையவில்லை என்று மனம் சோரும் தாய்க்கு, கட்டி ஐந்திலொன்றாகிவிட்டது என்று சொல்ல இந்தக் கணக்கு உதவும். அறுவைக்கு முன் 500 மில்லிலீற்றரைத் தாண்டி நிற்கும் சில வகைக் கட்டிகளுக்குப் பின்னர் மருந்தைக் கூட்டவேண்டியிருப்பதால், இது ஆறுதலுக்கான எண் மட்டுமன்று. எனினும் இணைப்பிழையம் மிகுந்த வில்ம்ஸ் பெரும்பாலும் அவ்வளவாகச் சுருங்குவதில்லை, ஆனாலும் அது நல்ல முடிவையே தரும். சுருங்கவில்லை என்பதால் மருந்து தோற்றது என்றாகாது.

முதற் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையிலான இந்த ஒப்பீட்டுக்கு, முதற் படம் கையில் இருக்கவேண்டும். திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ இருந்து புறப்படும் பிள்ளைக்கு முதல் ஸ்கேன் ஓரிடத்தில், சி.ரி. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அம்பாறையிலோ, சிகிச்சை பல வேளைகளில் 300 கிலோமீற்றருக்கும் அப்பால் கொழும்பை அடுத்த மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் என்று அமையலாம். அறிக்கைத் தாள் மட்டும் பயணம் செய்து, படம் பின்தங்கிவிட்டால், அங்குள்ளவர்கள் மருந்து ஏறிய பிறகு எடுக்கும் படத்தை எதனோடு ஒப்பிடுவார்கள்? மருந்துக்கு முந்திய படத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது. பெற்றார் படத்தைச் சீ.டி.யில் பதிந்து தரும்படி கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்திருக்கவேண்டும். கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை. அது பிள்ளையின் படம்.

வயிற்றை எண்ணெய் தடவி உருவிவிடும் வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். அன்பினால் செய்வது அது. ஆனால் ஒரு பக்கம் திரண்ட வயிற்றை அழுத்தி உருவினால், மெல்லிய உறை வெடித்து உள்ளே இரத்தம் கசியலாம். சைக்கிளிலிருந்து விழுந்ததற்குப் பிறகு திடீரென வயிறு நோவென்று வந்து, கட்டி உள்ளேயே வெடித்திருப்பதை ஸ்கேன் காட்டிய பிள்ளைகள் உண்டு. வைத்தியசாலையிலும் வார்ட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் தொட்டு அழுத்திப் பார்ப்பதைத் தடுக்க, பிள்ளையின் கட்டிலில் 'வயிற்றை அழுத்தவேண்டாம்' என்று எழுதித் தொங்கவிடுவது நல்ல நடைமுறை. மாணவர்கள் படிக்கவேண்டியதைத் திரையிலேயே படிக்கலாம்.

கட்டி வரும் முன்னரே ஸ்கேன் காத்திருக்கவேண்டிய பிள்ளைகள் ஒரு சிலர் இருக்கிறார்கள். கண்ணின் கருவிழித் திரை இல்லாமல் பிறந்தவர்கள். பிறக்கும்போதே நாக்குப் பெருத்து, தொப்புள் பிதுங்கி, எடை மிஞ்சியவர்கள். உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடப் பெரிதாக வளர்பவர்கள். இவர்களுக்கு வில்ம்ஸ் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏழு வயதுவரை, சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கப் பரிந்துரைக்கிறார்கள். இதற்குக் கதிர் வேண்டாம், மயக்கமருந்து வேண்டாம், கொழும்புப் பயணம் வேண்டாம். அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இடைவெளி மூன்று மாதமாக இருப்பதற்குக் காரணம், இந்தக் கட்டி வளரும் வேகம். ஆறு மாதம் விட்டால் சிறியதாகப் பிடிக்கும் வாய்ப்புத் தவறிவிடும். ஒரு பக்கம் பெரிதாக வளரும் பிள்ளையை வீட்டில் முதலில் அறிவது, பெருநாளுக்கோ தீபாவளிக்கோ செருப்பு வாங்கும்போது ஒரு காலுக்கு அளவானது மற்றக் காலுக்கு இறுகும் அந்தக் கடையில்தான். அந்தச் செருப்பின் கதையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அந்த மாதமே சொன்னால், அடுத்த கிளினிக்கில் பிள்ளைக்கு முதல் ஸ்கேன் திகதி எழுதப்படும்.